அண்ணாவின் கதையில் நான் பாடிய தோடி

என் அண்ணாவின் கதைகளைப் புகழ்ந்துகொண்டு இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். எல்லாரும் வயதானவர்கள். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் வந்ததை வயிறு புண்ணாகச் சிரித்துப் படித்தவர்கள். "அந்தத் தோடிக் கதை இருக்கே மாமி, அடடா! அது மாதிரி எழுத இன்னொருத்தன் பொறக்கலை" என்பார்கள். நான் காபி கொடுப்பேன். குடித்து முடித்ததும் நான் எழுந்து நின்றுவிடுவேன். வீட்டுக்காரி எழுந்து நின்றால் வந்தவர்களும் எழுந்துதானே ஆகவேண்டும்? போகட்டும், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.

சிரிப்புக் கதைக்காரனைப் பாராட்டுகிறவர்கள் ஒன்றை மட்டும் யோசிப்பதே இல்லை. அவன் யாரை வைத்து எழுதினானோ அந்த ஜீவனும் எங்கேயோ உட்கார்ந்து அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கும்? அந்த ஜீவன் நான்தான். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. அண்ணாவும் போய்விட்டான். இனிமேல் சொன்னால் யாருக்கும் வலிக்காது, எனக்கும் ஆறாது. இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்கு வடக்கே ஒரு சந்தில். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா ஒரு கணக்கு ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். அண்ணா கோட்டைப் பக்கம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. அவன் பெண்டாட்டி, எங்கள் மன்னி, சாது. அடுப்படியே கதி என்று இருப்பாள். நான் கல்யாணத்துக்கு நிற்கிற பெண். ஆனால் எனக்குக் கல்யாண நினைப்பெல்லாம் கிடையாது. பாட்டு, பாட்டு, பாட்டு. அதுதான் எனக்குச் சோறு தண்ணி எல்லாம்.

பாட்டு வாத்தியாரை ஏற்பாடு பண்ணினது அப்பா. காலையில் நான் சாதகம் பண்ணும்போது கூடத்தில் ஈஸிசேரை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். முடித்ததும் "ம்" என்பார். அவ்வளவுதான். பேஷ் கிடையாது, சபாஷ் கிடையாது. அப்பா யாரையும் வாய் விட்டுப் புகழ்ந்து நாங்கள் கேட்டதில்லை. அந்த "ம்"முக்காக நான் விடியற்காலையில் எழுந்து தொண்டை கிழியப் பாடுவேன்.

அண்ணாவுக்கு அந்த "ம்" கூடக் கிடைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லைப்புறத்தில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவான். கதை அச்சில் வந்ததும் பத்திரிகையை அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி மடித்து, ஏதோ மறந்து வைத்ததைப் போல ஈஸிசேர்க் கையில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போவான். அப்பா அதை எடுத்து விசிறிக்கொள்வார். "கதை எழுதறதெல்லாம் ஒரு பொழைப்பாடா? கணக்குப் பரீட்சை எழுதித் தொலையேன்" என்பார். அவன் அசடு வழியச் சிரிப்பான். ஊரெல்லாம் அவனைக் கொண்டாட ஆரம்பித்த பிறகும், அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஈஸிசேரிலிருந்து ஒரு வார்த்தை. எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் ஒரே ஆளிடம் நாங்கள் இரண்டு பேரும் கையேந்திக்கொண்டு நின்றோம்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸே காலியாயிற்று. பாத்திரம் பண்டம், பாய் படுக்கை, அம்மிக்குழவி முதற்கொண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கிற்று. மாடவீதியில் பட்டப்பகலில் மாடுகள் நடுவீதியில் படுத்து அசைபோட்டன. அப்பா மட்டும் நகரமாட்டேன் என்றார். "என் தலையில விழணும்னு இருந்தா, அது கும்பகோணத்துக்கும் தேடிண்டு வந்து விழும்" என்று ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார். அண்ணாவின் ஆபீசையும் மூடவில்லை. நாங்கள் இருந்துவிட்டோம்.

வாத்தியாருக்கும் போக்கிடம் இல்லை. அவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. அதனால் காலையில் வந்தால் சாப்பாட்டுக்கும் இருந்து, வெயில் தாழ்ந்துதான் போவார். அதுவரை நான் பாடினதெல்லாம் அடக்கி வாசித்த பாட்டு. வயசுப் பெண் தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பாடலாமோ? பக்கத்து வீட்டு மாமி என்ன சொல்வாள், எதிர்வீட்டுத் தாத்தா என்ன சொல்வார்? இப்போது மாமியும் இல்லை, தாத்தாவும் இல்லை. வாத்தியார் சொன்னார், "கொழந்தே, வாயைத் தெறந்து பாடு. ஏன்னு கேக்க ஒருத்தனும் இல்லை." திறந்தேன். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! எதிரே பூட்டின வீடுகளின் சுவரில் பட்டு என் குரல் என்னிடமே திரும்பி வந்தது. எனக்கென்று ஒரு குரல் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊர் பயத்தில் செத்துக்கொண்டிருந்த அந்த மாசங்கள்தான் நான் சந்தோஷமாக இருந்த மாசங்கள். கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

அப்போது ஒருநாள் தோடியை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போய் மேல் ஸட்ஜத்தில் நிற்கிறேன், சரியாக அந்த நேரத்தில் லஸ் பக்கத்திலிருந்து, குண்டு விமானம் வந்தால் எச்சரிக்கிற அபாயச் சங்கு ஊதிற்று. அப்போதெல்லாம் சங்கு சரியாக வேலை செய்கிறதா என்று அடிக்கடி ஊதிப் பார்ப்பார்கள். அதுவும் கீழே தொடங்கி இழுத்துக்கொண்டே மேலே போகிற சத்தம்தானே? வாத்தியார் தம்புராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரித்தேன். அன்றைக்கு அண்ணாவுக்கு லீவு. அவன் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று கொல்லைப்புறம் போய்ப் பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கதை இதுதான். மயிலாப்பூரில் ஒரு பெண் தோடி பாடுகிறாள். விமானத் தாக்குதலுக்காகத் தெருவைக் காவல் பார்க்கிற ஏ.ஆர்.பி. வார்டன் அதை அபாயச் சங்கு என்று நினைத்து விசில் ஊதுகிறார். தெருவே பதுங்கு குழிக்குள் இறங்குகிறது. அவள் பாடி முடிக்கிற வழியாக இல்லை, அதனால் குழிக்குள்ளேயே சமையல் நடக்கிறது, சீமந்தம் நடக்கிறது, சீட்டுக் கச்சேரி நடக்கிறது. கடைசியில் மேலே வந்த ஜப்பான் விமானக்காரன் காதைப் பொத்திக்கொண்டு, மெட்ராஸில் புதுசாக ஏதோ ஆயுதம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வந்த வழியே திரும்பிப் போகிறான். பட்டணத்தைக் காப்பாற்றியதற்காக அந்தப் பெண்ணுக்கு மெடல் கொடுக்கிறார்கள், இனிமேல் பாடக்கூடாது என்கிற நிபந்தனையின்பேரில்.

அண்ணா அதை எனக்கும் மன்னிக்கும் அடுப்படியில் படித்துக் காட்டினான். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். சீமந்தம் வருகிற இடத்தில் புரைக்கேறி, மன்னி தலையில் தட்ட வேண்டியிருந்தது. அவன் கெட்டிக்காரன்தான், அதில் யாருக்கு என்ன சந்தேகம்? ஊர் திரும்பி வந்துகொண்டிருந்த சமயத்தில் கதை வெளியாயிற்று. ஓடிப்போய்விட்டுத் திரும்பின வெட்கத்தில் இருந்த ஜனங்களுக்கு, தாங்கள் ஓடினது குண்டுக்கல்ல, ஒரு பெண்ணின் பாட்டுக்கு என்று ஒருத்தன் எழுதினது தித்தித்தது. டிராமில் படித்தார்கள், பார்பர் ஷாப்பில் படித்தார்கள். தபால்காரன் தினம் ஒரு கத்தைப் பாராட்டுக் கடிதம் கொண்டுவந்து போட்டான். அண்ணாவின் ஆபீசில் மேனேஜரே அவனைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினாராம்.

நாங்கள் அந்தச் சந்தில் பாடுகிற ஒரே வீடு. அப்புறம் யாருக்குத் தெரியாமல் இருக்கும்?

முதலில் கேட்டவள் கொட்டிவாக்கத்திலிருந்து கூடையில் கீரை கொண்டுவருகிறவள். "இன்னாமா, சங்கு ஊதுற பொண்ணு நீதானாமே? அடுத்த தெரு ஐயரு ஊட்ல பட்ச்சிப் பட்ச்சி சிரிச்சிக்கினு கீறாங்க. எங்க, எனக்கும் ஒரு தபா ஊது, கேட்டுட்டுப் போறேன்" என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு அடி கூட எடுத்துக் கொடுத்தேன். கீரைக்காரி காதைப் பொத்திக்கொண்டு "யம்மாடி!" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் கேட்கவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கையைக் காதுக்குக் கொண்டுபோய்விட்டாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நவராத்திரியில் உறைத்தது. மயிலாப்பூரில் பெண்ணாய்ப் பிறந்தவள் கொலு பார்க்கப் போனால், ஒரு பாட்டுப் பாடாமல் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வர முடியாது. "பாடேண்டி" என்பார்கள், "தொண்டை சரியில்லை மாமி" என்பாள், பிறகு பாடுவாள். நான் அந்தச் சம்பிரதாயமெல்லாம் பண்ணுகிறவளில்லை. கேட்டால் பாடிவிடுவேன். அந்த வருஷம் முதல் வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். வீட்டு மாமி எழுந்தாள். "இருடீ, ஜன்னலைச் சாத்திட்டு வந்துடறேன். வார்டன் வந்துடப் போறான்" என்றாள். கூடம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாட ஆரம்பித்தேன். சுருதி சேர்ந்து, குரல் மேலே போகிற சமயத்தில், என் வயசுப் பெண் ஒருத்தி "ஐயோ குண்டு!" என்று தலையைப் பிடித்துக்கொண்டு கொலுப்படிக்குப் பக்கத்தில் பதுங்கினாள். அப்புறம் பாட்டாவது ஒன்றாவது. மாமிகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, "கடங்காரி, உங்கண்ணா என்னமா எழுதியிருக்கான்டீ!" என்றாள். சுண்டலை இன்னொரு கை கூடப் போட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும் அதே. அடையாறில் அத்தை வீட்டுக்குப் போனேன், அங்கேயும் ஜன்னலைச் சாத்தினார்கள். ஒருத்தராவது பொல்லாத்தனமாகச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டினால் திருப்பித் திட்டலாம். எனக்கு வாய் கம்மியா என்ன? இவர்கள் கொஞ்சினார்கள். அன்பாகச் சிரித்தார்கள். என் பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர்களில் ஒருத்தருக்கும் அவசியமே இல்லாமல் போய்விட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சரஸ்வதி பூஜைக்கு எந்த வீட்டுக்கும் போகமாட்டேன் என்று படுத்துவிட்டேன்.

மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால், தியாகராய நகரில் ஒரு சின்ன சபாவின் செயலாளர் அண்ணாவைப் பார்க்க வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். கதையைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, நேரிலேயே ஒரு மாலை போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். நிஜமாகவே மாலை கொண்டுவந்திருந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். "இதுதானா அந்தக் கதாநாயகி!" என்று எழுந்தே நின்றுவிட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஏம்மா, எங்க சபாவுல மத்தியானக் கச்சேரி ஒண்ணு பாடறியா?" என்றார்.

சபாக் கச்சேரி! கூடத்தில் ஈஸிசேருக்கு எதிரே பாடுகிற பெண்ணுக்கு அது எட்டாத உசரம். இவர் எதற்காகக் கூப்பிடுகிறார் என்று ஒரு நிமிஷம் நான் யோசித்திருக்க வேண்டாமோ? யோசிக்கவில்லை. மேடை ஏறி ஒரு தரம் பாடிவிட்டால் போதும், ஊர் சிரிப்பை நிறுத்திவிடும் என்று தோன்றிற்று.

வாத்தியாரிடம், "ஸார், எது வேணா பாடறேன், தோடி மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சினேன். அவர் ஒப்பவில்லை. "தோடியை ஒளிச்சு வெச்சேன்னா, அவா சொல்றது நெஜம்னு நீயே ஒத்துண்ட மாதிரி. தோடியையே பாடு. நன்னாப் பாடு. அப்பறம் எவன் சிரிக்கறான் பாக்கலாம்" என்றார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மாஞ்சு மாஞ்சு சாதகம் பண்ணினோம். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வெளியே போவது நின்றுபோயிருந்தது. "கச்சேரிக்கு உன்னால வர முடியாதேப்பா" என்றேன். "இங்கே கேக்கறேனே, அது போறும்" என்றார்.

மத்தியானக் கச்சேரி என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிடில்காரரின் உறவுக்காரர்கள் நாலைந்து பேர், வெயிலுக்கு ஒதுங்கித் தூங்குகிறவர்கள் நாலைந்து பேர். அன்றைக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செயலாளர் மேடை ஏறினார். "இன்று நம் சபையில் அபாயச் சங்கு ஊத இருக்கிறது. ரசிகர்கள் பயப்படவேண்டாம். எதிரே பார்க்கில் பதுங்கு குழிகள் தயாராக இருக்கின்றன" என்றார். தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த அண்ணாவை எழுந்து நிற்கச் சொன்னார். அவன் எழுந்து கை கூப்பினான். கரகோஷம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் மேடையில் மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

முதல் உருப்படிகளுக்கு அங்கங்கே கிசுகிசுப்பு. காத்திருக்கிறார்கள், தோடிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. ஆரம்பித்தேன். அவசரப்படவில்லை. காந்தாரத்தில் நின்று நின்று, அந்தப் பூட்டின தெருவில் பாடின மாதிரியே பாடினேன். மேலே போனேன். ஸட்ஜத்தில் குரல் போய் உட்கார்ந்தது, ஆடாமல் அசையாமல். அந்த நிமிஷம் கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் ஜென்மத்திலேயே நான் அப்படி நினைத்தது அந்த ஒரு மூச்சு நேரம்தான்.

பின்னாலிருந்து எவனோ வார்டன் மாதிரி விசில் அடித்தான்.

அவ்வளவுதான். கூட்டம் வெடித்தது. நாற்காலிக்கு அடியில் குனிகிறவர்கள், காதைப் பொத்துகிறவர்கள், "விளக்கை அணை!" என்று கத்துகிறவர்கள். சிரிப்பும் கைதட்டலுமாக எழுந்து நின்றார்கள். பிடில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கிற்று. எனக்குப் பின்னால் உட்கார்ந்து வாத்தியார் தம்புராவை மீட்டிக்கொண்டே இருந்தார். அவர் கை மட்டும் நிற்கவில்லை. நான் பாடி முடித்தேன். என்ன பாடினேன் என்று எனக்கே கேட்கவில்லை.

கீழே இறங்கினதும் சூழ்ந்துகொண்டார்கள். "பிரமாதம் போ! கதையிலே வரமாதிரியே இருந்தது!" ஒரு அம்மாள் தன் குழந்தையைத் தூக்கிக்காட்டி, "இவனுக்காக இன்னொரு தரம் ஊதேன்" என்றாள். அண்ணாவிடம் போய், "எப்படி ஸார் இப்படி அச்சு அசலாப் பிடிச்சேள்?" என்றார்கள். நாசமாய்ப் போக என்று மனசுக்குள் சபித்தேன். அதுவும் யாரை என்று சபிப்பது? எல்லாரும் எனக்கு நல்லது செய்துவிட்ட முகத்தோடு நின்றார்கள்.

அண்ணாவை அவர்கள் விடவில்லை. வாத்தியாரும் நானும்தான் பஸ் ஏறினோம். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற யுத்தகாலத்து பஸ், இழுத்து இழுத்துப் போயிற்று. ஆழ்வார்பேட்டை தாண்டினதும் வாத்தியார், "சுருதி நூலிழை விலகலை கொழந்தே" என்றார். "யார் ஸார் கேட்டா?" என்றேன். "நான் கேட்டேன்" என்றார். அது எனக்குப் போதவில்லை. போதியிருக்க வேண்டும், ஆனால் போதவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மயிலாப்பூர் வரையில் அழுதேன்.

சாயந்திரம் அண்ணா மாலையும் கழுத்துமாக வந்தான். அப்பா காதில் விழாமல் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "என் பாட்டைக் கொன்னுட்டே நீ" என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "அசடே, நீ நன்னாப் பாடறதுனாலதான் எழுதினேன். நெஜமாவே அபஸ்வரமாப் பாடறவளை வெச்சு எழுதினா அதுல என்ன சிரிப்பு இருக்கு? அது பாவம்னா" என்றான்.

"அதைக் கதையிலே ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எழுதினா யார் சிரிப்பா?"

பொய் சொல்லத் தெரியாதவன். அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "அப்பாவுக்கு மட்டும் இந்தக் கதை தெரியவேண்டாம்ண்ணா. ஊர்ல பாக்கி இருக்கிற ஒரே காது அது." அப்பாதான் கதையென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், இப்போது கண்ணும் தெரியாது. சொல்லாமல் இருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அண்ணா கொஞ்ச நேரம் ஈஸிசேர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். ஊரே கொண்டாடுகிற கதை. அதைத்தான், அந்த ஒரு கதையைத்தான், அவன் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். "சரி, சொல்லலை" என்றான். சொன்ன வாக்கைக் காப்பாற்றவும் செய்தான். அந்த மட்டுக்கும் அவனை நான் குறை சொல்லமாட்டேன்.

அதற்கப்புறம் நான் வெளியில் பாடவில்லை. கோயிலில் இல்லை, கொலுவில் இல்லை. வந்த வரன்கள் "பொண்ணு பாடுமா?" என்று கேட்டால், பாடாது என்று சொல்லச் சொன்னேன். வாத்தியார் பிள்ளையோடு திருச்சிக்குப் போய்விட்டார். ஆனால் காலையில் மட்டும், ஒரு நாள் தவறாமல், அப்பாவுக்கு எதிரே பாடினேன். அந்த ஒரு இடத்தில் நான் சங்கு இல்லை. பாடுகிறவள். இருட்டில் ஒரு திரி எரிகிற மாதிரி அது ஒன்றை வைத்துக்கொண்டு யுத்தகாலம் பூரா ஓட்டினேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே மறுநாள் என்ன ராகம் பாடுவது என்று யோசிப்பேன்.

சண்டை ஓய்ந்த வருஷம் அப்பா படுத்தார். மார்புச் சளி, மூச்சு வாங்கல். ஈஸிசேரை மடித்து வைத்துவிட்டுக் கூடத்தில் கட்டில் போட்டோம். டாக்டர் அண்ணாவை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய்த் தணிந்த குரலில் பேசினார். அதற்குமேல் அவர் சொல்லவேண்டியது ஒன்றும் இல்லை. இருமல் அதிகமானபோது நான் பாடுவதையும் நிறுத்திவைத்தேன். அவருக்குப் பொழுது போகவேண்டும் என்று மன்னி மத்தியானங்களில் பேப்பர் படித்துக் காட்டுவாள். நான் அந்த நேரத்தில் கடைத்தெருவுக்கோ மருந்துக்கோ போய்விட்டு வருவேன்.

கடைசி வாரத்தில் ஒரு நாள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணா ஆபீசுக்குப் போகாமல் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தான். அப்பா என் பக்கமாகக் கையை அசைத்து, "பாடு" என்றார்.

"என்னப்பா பாடட்டும்?"

"தோடி."

அத்தனை வருஷத்தில் அவர் இதைப் பாடு என்று கேட்டதே கிடையாது. அப்பா என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், எனக்கு எது வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! தம்புரா கூட எடுக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். கொட்டகையில் பாடினதைவிட நன்றாகப் பாடினேன் என்று சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மெல்ல மெல்ல மேலே போனேன்.

அவர் தோள் குலுங்கிற்று. இருமல் என்று நினைத்து அண்ணா தலையைத் தாங்கப் போனான். இருமல் இல்லை. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வரத் தெம்பில்லாத சிரிப்பு. கையை எடுத்து அண்ணாவின் தலையில் வைத்தார்.

"டேய்... அந்த வார்டன் விசில் ஊதறான் பாரு... குழிக்குள்ள சீமந்தம்... அப்படியே எழுதியிருக்கேடா. பேஷ்."

அடுப்படி நிலையில் நின்றிருந்த மன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போறதுக்கு முன்னாடி அவர்கிட்டேருந்து இவருக்கு ஒரு வார்த்தை கெடைக்கட்டுமேன்னு நான்தான் படிச்சுக் காட்டினேன்" என்று என்னைப் பார்த்து அழுதாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம். அண்ணா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். எனக்காக அழுகிறானா, கிடைத்துவிட்டதே என்று அழுகிறானா, அவனுக்கே தெரிந்திருக்காது.

நான் நிறுத்திவிட்டிருந்தேன். அப்பா, "ஏன் நிறுத்தினே? பாடு, பாடு" என்றார். அந்த முகத்தைப் பார்த்தேன். அம்மா போனதிலிருந்து அது சிரித்து நான் பார்த்ததில்லை. எத்தனை நாள் மூச்சு பாக்கி இருக்கிறதோ! சரி, சிரிக்கட்டும், நன்றாகவே சிரிக்கட்டும் என்று ஒரு வெறி வந்தது. மறுபடி மேலே போனேன். ஸட்ஜத்துக்கு வருகிற இடத்தில் வேண்டுமென்றே சுருதியை விட்டேன். கோணலாக, கிறீச்சென்று, கதையில் இருக்கிறபடியே இழுத்தேன். அண்ணா திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். நான் விடவில்லை.

அப்பா சிரித்தார். முன்னே நான் சுத்தமாகப் பாடினபோது சிரித்தாரே, அதே சிரிப்பு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.